வேலையைக் கண்முன் வைத்தால் கைக்கு வருமா?

செய்ய வேண்டிய வேலைகளை எழுதி, எப்போதும் கண்ணில் படும்படி வைத்தால் அவை முடியும் வாய்ப்பு கூடுமா? இந்தக் கேள்விக்கு ஏறக்குறைய 300 வயது என்று சொல்லலாம். அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்கிளின் தம் சுயசரிதையில் ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். தாம் வளர்த்துக்கொள்ள விரும்பிய 13 நற்பண்புகளுக்கும் தலா ஒரு பக்கம் ஒதுக்கி, வாரத்தின் 7 நாட்களுக்கும் கட்டம் போட்டு, தவறிய இடத்தில் கரும்புள்ளி வைத்தார். புள்ளிகள் குறைந்துகொண்டே வருவதைக் கண்ணால் பார்ப்பது ஊக்கம் தரும் என்பது அவர் கணக்கு. அந்த 13-ல் அவரை அதிகம் படுத்தியது ‘ஒழுங்கு’: பொருளுக்கு ஓர் இடம், வேலைக்கு ஒரு நேரம் என்ற பண்பு. கடைசிவரை அது தமக்குக் கைகூடவில்லை என்று அவரே எழுதுகிறார்.

அந்த நோட்டுப் புத்தகத்தின் இடத்தில் இன்று அலைபேசித் திரை இருக்கிறது. ட்ரெல்லோ, ஆசனா, நோஷன், மைக்ரோசாஃப்ட் பிளானர், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோவின் திட்ட மேலாண்மைச் செயலி என்று எதைத் திறந்தாலும் ஏறத்தாழ ஒரே காட்சிதான். ‘செய்ய வேண்டியவை’, ‘செய்துகொண்டிருப்பவை’, ‘முடிந்தவை’ என்று மூன்று வரிசைகள். வேலைக்கு ஓர் அட்டை. வேலை நகர நகர அட்டையும் வலப்பக்கம் நகரும். அலுவலகக் குழுக்களுக்காகத் தொடங்கிய இந்தப் பலகை இன்று வீட்டுக் கணக்கு, பிள்ளைகளின் படிப்பு, ஆய்வேடு, கல்யாண ஏற்பாடு வரை வந்துவிட்டது. இது தனி மனிதரின் வேலைத்திறனை உண்மையிலேயே கூட்டுகிறதா, கூட்டினால் எதனால் என்பதில் ஒருமித்த பதில் இல்லை. பொறியாளர்கள், உளவியலாளர்கள், மென்பொருள் வல்லுநர்கள், சமூக ஆய்வாளர்கள் ஆகியோர் தத்தம் திசையிலிருந்து பதில் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பதில்கள் பல நேரம் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதே இல்லை.

ஆலையிலிருந்து அலைபேசிக்கு

வேலையைப் படமாக்கும் மரபுகள் இரண்டு. ஒன்று காலத்தைக் கோடாக வரைவது. போலந்துப் பொறியாளர் கரோல் அடமியெட்ஸ்கி 1896-ல் அப்படி ஒரு வரைபடத்தை உருவாக்கினார். 1910-களில் அமெரிக்கரான ஹென்றி கான்ட் வரைந்த பட்டை வரைபடம் உலகம் முழுக்கப் பரவியது. எந்த வேலை எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடியும் என்பதை அது காட்டும்.

இன்றைய செயலிகள் பெரும்பாலும் மற்ற மரபின் வாரிசுகள். அது ஜப்பானின் டொயோட்டா ஆலையில் பிறந்தது. பொறியாளர் தாயிச்சி ஓனோ, அமெரிக்கப் பல்பொருள் அங்காடிகளில் விற்ற அளவுக்கு மட்டுமே அலமாரி நிரப்பப்படும் முறையைக் கேள்விப்பட்டு, 1953-ல் தம் இயந்திரப் பிரிவில் அதைச் செய்து பார்த்தார். 1962-ல் அது நிறுவனம் முழுவதற்கும் விரிந்தது. உதிரிபாகப் பெட்டியோடு ஓர் அட்டை வரும். அடுத்த நிலையில் இருப்பவர் பெட்டியை எடுத்துக்கொண்டதும் அட்டை முந்தைய நிலைக்குத் திரும்பும். அந்த அட்டை வந்தால்தான் அடுத்த பெட்டியைச் செய்யலாம். வராவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இதன் பெயர்தான் கன்பான். தமிழகத்து வாகன உதிரிபாக ஆலைகளில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிய சொல் அல்ல.

இந்த முறையின் உயிர்நாடி எங்கே என்பதைப் பார்த்துவிட வேண்டும். டொயோட்டாவின் அட்டை வெறும் நினைவூட்டல் அல்ல, அனுமதிச் சீட்டு. ஆலையில் சுற்றிவரும் அட்டைகளின் எண்ணிக்கை வரையறுக்கப்பட்டது. ஆகவே பாதியில் நிற்கும் சரக்கும் அந்த அளவைத் தாண்ட முடியாது. அட்டைகளை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே போனால் அதுவரை சரக்குக் குவியலில் மறைந்திருந்த கோளாறுகள் வெளியே வரும் என்பது ஓனோவின் உத்தி.

ஆலையிலிருந்து மென்பொருள் அலுவலகத்துக்கு இதைக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் டேவிட் ஆண்டர்சன். 2004-ல் மைக்ரோசாஃப்டின் உள் பராமரிப்புக் குழு ஒன்றுக்கு அவர் ஆலோசனை சொன்னார். குழுவின் நிரலாளர்கள் இருந்தது ஹைதராபாத்தில். வேலை மலைபோல் தேங்கியிருந்தது. புதிய கோரிக்கைகள் வரவர, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள் ஆகும் என்று மதிப்பிடுவதிலேயே குழுவின் நேரத்தில் கணிசமான பங்கு போய்க்கொண்டிருந்தது. மதிப்பீட்டை நிறுத்தி, ஒரே சமயத்தில் குழு எடுத்துக்கொள்ளும் வேலைக்கு வரம்பு வைத்ததும் நிலைமை தலைகீழானது. 9 மாதங்களில் கடைசி இடத்திலிருந்து முதலிடத்துக்கு என்ற பொருளில்தான் அந்த அனுபவத்துக்கு அவர் தலைப்பு வைத்தார். அந்த மாற்றத்தில் சுவரில் அட்டை ஒட்டிய பலகைக்கு முக்கிய இடம் இல்லை. பலகைகள் பிரபலமானது அதற்குப் பிறகு.

2011-ல் இரண்டு நிகழ்வுகள். ஜிம் பென்சனும் டோனியான் டிமரியா பாரியும் ‘பர்சனல் கன்பான்’ என்ற நூலில் இந்த முறையைத் தனி மனிதருக்கு இரண்டே விதிகளாகச் சுருக்கினார்கள்: வேலையைக் கண்ணுக்குத் தெரியும்படி வை, கையில் எடுத்த வேலைக்கு வரம்பு வை. அதே ஆண்டு செப்டம்பரில் நியூயார்க்கின் ஃபாக் கிரீக் நிறுவனம் ட்ரெல்லோவை வெளியிட்டது. அதன் நிறுவனர்களில் ஒருவரான ஜோயல் ஸ்போல்ஸ்கி முன்பு மைக்ரோசாஃப்டில் எக்செல் குழுவில் இருந்தவர். எக்செல் பயன்படுத்துவோரில் மிகப் பலர் கணக்கே போடுவதில்லை, வெறும் பட்டியல்தான் போடுகிறார்கள் என்பது அவர் அங்கே கண்டது. எந்தத் தொழிலுக்கும் பொருந்தும் பட்டியல் கருவி ஒன்றுக்கு உலகம் முழுக்கத் தேவை இருக்கிறது என்று அவர் கணித்தார், கணிப்பு பலித்தது. 2017 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் அட்லாசியன் 42.5 கோடி டாலருக்கு ட்ரெல்லோவை வாங்குவதாக அறிவித்தபோது அதற்கு 1.9 கோடிப் பயனர்கள் இருந்தார்கள்.

ட்ரெல்லோவின் கரு, ஆளுக்கு ஐந்தே வேலைகள் என்ற சிறு பட்டியலாகத்தான் தொடங்கியது என்று அதை உருவாக்கியவர்கள் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். சந்தைக்கு வந்த செயலியில் அந்த ஐந்து இல்லை. எத்தனை அட்டை வேண்டுமானாலும் போடலாம்.

பார்வையே பலம் என்னும் தரப்பு

பலகையை ஆதரிப்போர் முதலில் சொல்வது, படம் எழுத்தைவிட வலியது என்பது. இதற்கு மதிப்புள்ள ஆய்வு அடித்தளம் உண்டு. ஜில் லார்கினும் நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமனும் 1987-ல் எழுதிய கட்டுரை, வரைபடம் எப்போது உதவுகிறது என்பதை ஆராய்ந்தது. சேர்த்துப் பார்க்க வேண்டிய தகவல்களைப் படம் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதால் தேடும் உழைப்பு குறைகிறது என்பது அவர்கள் விளக்கம். படம் என்பதாலேயே நன்மை வந்துவிடாது. அடுக்கு சரியாக அமைந்தால் மட்டுமே வரும் என்ற எச்சரிக்கையும் அதில் இருக்கிறது.

அலுவலக மேசைகளைப் பற்றித் தாமஸ் மலோன் 1983-ல் வெளியிட்ட ஆய்வும் இந்தத் தரப்புக்கு வலுவூட்டுகிறது. மேசையில் காகிதங்களைக் குவித்து வைப்போர் சோம்பலால் மட்டும் அப்படிச் செய்வதில்லை. கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால்தான் ஞாபகம் இருக்கும் என்பதற்காகவும் வைக்கிறார்கள் என்று அவர் கண்டார். கோப்புக்குள் போனது கண்ணை விட்டுப் போகிறது. கவனக்குறைபாடு உள்ளவர்களுக்குத் தகவலையும் நேரத்தையும் மூளைக்கு வெளியே, வேலை நடக்கும் இடத்திலேயே வைக்க வேண்டும் என்று உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி நெடுங்காலமாக வலியுறுத்தி வருவதும் இதே திசையில்தான்.

பலகை எதைக் காட்டுகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஒரு கல்லூரி ஆசிரியரின் பலகை என்று வைத்துக்கொள்வோம். விடைத்தாள் திருத்தல், ஆய்வுக் கட்டுரைத் திருத்தம், அப்பாவின் கண் பரிசோதனை, ஊரில் உள்ள நிலத்துக்குப் பட்டா மாறுதல். சாதாரணப் பட்டியலில் நான்கும் நான்கு வரி. பலகையில் ‘பிறர் கையில்’ என்று நான்காவது வரிசை ஒன்றைச் சேர்த்தால் பட்டா மாறுதல் அங்கே போய் உட்காரும். விண்ணப்பம் போட்டாயிற்று, இனி கிராம நிர்வாக அலுவலரோ சர்வேயரோ வர வேண்டும். அந்த அட்டை ஒரே இடத்தில் வாரக்கணக்கில் நிற்பது, தன்னால் ஆகாதது எது, தன் சோம்பலால் நிற்பது எது என்று பிரித்துக் காட்டிவிடுகிறது. சாதாரணப் பட்டியலில் இந்த வேறுபாடு தெரியாது. எல்லாமே முடியாத வேலைகளாக ஒரே முகத்தோடு நிற்கும்.

ஆனால் இந்தத் தரப்பின் பலவீனமும் இங்கேதான். கண்ணில் படுவது நாளடைவில் கண்ணுக்குப் பழகிப்போகும். மூன்று மாதமாக அதே இடத்தில் நிற்கும் அட்டையை ஆசிரியரின் கண் தாண்டிப் போய்விடும். பழைய அட்டைகளை மங்கலாகக் காட்டும் வசதி ஒன்றை ட்ரெல்லோ ஒரு கட்டத்தில் கொண்டுவந்ததே, இந்தச் சிக்கல் பயனர்களிடம் இருப்பதற்கு அடையாளம். தவிர, செயலியைத் திறந்தால்தான் பலகை. சுவர் தானாகக் கண்ணில் படும். அலைபேசியில் இருபது சின்னங்களுக்கு நடுவே ஒளிந்திருக்கும் பலகை அப்படிப் படாது.

மனச்சுமை என்னும் தரப்பு

அடுத்த வாதம் நினைவாற்றலைப் பற்றியது. முடியாத வேலை மனத்தை அரித்துக்கொண்டே இருக்கும், எழுதி வைத்தால் மனம் ஓயும் என்பது. டேவிட் ஆலன் 2001-ல் வெளியிட்ட ‘கெட்டிங் திங்ஸ் டன்’ நூலின் அடிப்படையே இதுதான். செயலி விளம்பரங்களில் பெரும்பாலும் மேற்கோள் காட்டப்படும் அறிவியல், புளூமா ஸெய்கார்னிக் 1927-ல் பெர்லினில் வெளியிட்ட ஆய்வு: இடையில் நிறுத்தப்பட்ட வேலைகள், முடித்த வேலைகளைவிட ஏறத்தாழ இருமடங்கு நினைவில் நிற்கின்றன என்பது.

இந்த அடித்தளம் விளம்பரங்கள் காட்டும் அளவுக்கு உறுதியானது அல்ல. பிற்காலத்தில் அதே சோதனையைத் திரும்பச் செய்தவர்களுக்கு முடிவுகள் ஒத்துவரவில்லை. 2025-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, முடியாத வேலை கூடுதலாக நினைவில் நிற்கிறது என்பதற்குப் பொதுவான ஆதாரம் இல்லை என்ற முடிவுக்கு வந்தது. அதே காலத்தில் மரியா ஓவ்சியாங்கினா கண்ட வேறொன்றை அந்தத் தொகுப்பாய்வு தாங்கிப் பிடிக்கிறது: பாதியில் விட்ட வேலையை வாய்ப்புக் கிடைத்ததும் மீண்டும் எடுத்துச் செய்யும் நாட்டம். நினைவைவிட நாட்டம்தான் உறுதிப்பட்டிருக்கிறது என்பது பலகையை ஆதரிப்போர் கவனிக்க வேண்டிய வேறுபாடு.

எழுதி வைத்தால் மனம் ஓயும் என்பதற்கு வேறு நல்ல சான்றுகள் உண்டு. மாசிகாம்போவும் பாமைஸ்டரும் 2011-ல் வெளியிட்ட சோதனைகளில், முடியாத இலக்கு பிற வேலைகளுக்கு இடையூறு செய்வது தெரிந்தது. அதை எங்கே, எப்போது, எப்படிச் செய்வது என்று திட்டமிட்டதும் அந்த இடையூறு மறைந்தது. இலக்கு முடியவே இல்லை என்றாலும்கூட. 2018-ல் மைக்கேல் ஸ்கலின் குழு 57 இளைஞர்களைத் தூக்க ஆய்வகத்தில் படுக்க வைத்துச் செய்த சோதனையில், படுக்கும்முன் 5 நிமிடம் அடுத்த நாட்களின் வேலைகளை எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சராசரியாக 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். எவ்வளவு விவரமாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம் வந்தது.

இரண்டு ஆய்வுகளும் ஒரே இடத்தைத் தொடுகின்றன: விவரம். ‘பட்டா மாறுதல்’ என்று மட்டும் அட்டையில் எழுதினால் அது கவலையின் பெயர். ‘திங்கட்கிழமை காலை இ-சேவை மையத்தில் கிரயப் பத்திர நகலோடு விண்ணப்பம்’ என்று எழுதினால் திட்டம். பீட்டர் கோல்விட்ஸரும் பாஸ்கல் ஷீரனும் 2006-ல் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் இதே செய்திதான் வந்தது: இந்தச் சூழல் வந்தால் இதைச் செய்வேன் என்று முன்கூட்டியே முடிவு செய்வது இலக்கை எட்டுவதில் நடுத்தரத்துக்குச் சற்று மேலான பலன் தருகிறது. அட்டையில் இரண்டே சொல் எழுதிவிட்டு நகரும்படி இன்றைய செயலிகள் தூண்டுகின்றன. அதில்தான் அவை இந்த ஆய்வுகளிலிருந்து விலகிப்போகின்றன.

வரம்பே உயிர் என்னும் தரப்பு

பென்சன், பாரி ஆகியோரின் இரண்டாவது விதிக்கு வலுவான ஆதாரம் உளவியலிலிருந்து வரவில்லை, கணிதத்திலிருந்து வருகிறது. ஜான் லிட்டில் 1961-ல் நிறுவிய தேற்றம் எளிமையானது: வரிசையில் இருப்பவற்றின் சராசரி எண்ணிக்கையை, அவை வெளியேறும் வேகத்தால் வகுத்தால் ஒவ்வொன்றும் உள்ளே இருக்கும் சராசரிக் காலம் கிடைக்கும். ஒருவர் கையில் 12 வேலைகள், வாரத்துக்கு முடிப்பது 3 என்றால் ஒரு வேலை முடியச் சராசரியாக 4 வாரம். கையில் 6 மட்டும் வைத்துக்கொண்டு அதே வேகத்தில் முடித்தால் 2 வாரம். அதிகம் உழைக்காமலே ஒவ்வொரு வேலையும் பாதிக் காலத்தில் முடிகிறது.

உளவியலும் இதற்குத் துணை நிற்கிறது. ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது முதல் வேலையின் மிச்சம் கவனத்தில் ஒட்டிக்கொண்டு அடுத்ததைக் கெடுக்கிறது என்று சோஃபி லிராய் 2009-ல் காட்டினார். நார்வேயில் ஒரு மென்பொருள் நிறுவனம் கன்பானுக்கு மாறியதை டாக் ஷோபர்க் குழு 2012-ல் ஆராய்ந்தபோது, வேலை முடியும் காலம் ஏறத்தாழ பாதியாகியிருந்தது.

ஆனால் எதிர்வாதங்களைத் தள்ளிவிட முடியாது. லிட்டிலின் தேற்றம் நீண்ட காலச் சராசரிக்கானது. வரவும் முடிவும் ஓரளவு சீராக இருக்கும் இடத்தில்தான் அது நேரடியாக உதவும். ஆலையில் பெட்டிகள் ஒரே மாதிரி. மனித வாழ்வில் மின் கட்டணம் கட்டுவதும் ஆய்வேடு எழுதுவதும் தலா ஓர் அட்டைதான். நார்வே ஆய்வு ஒரே ஒரு நிறுவனத்தின் கதை. அதுவும் குழுவின் கதை. குழுவில் வரம்பை மீறினால் பக்கத்தில் இருப்பவர் கேட்பார். தனி ஆள் தன் பலகையில் வரம்பைத் தாண்டி ஓர் அட்டையை இழுத்துப் போட்டால் தடுப்பார் யாருமில்லை.

இந்தத் தடுப்பைச் செயலி செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமே. ஆனால் ட்ரெல்லோவில் வரிசைக்கு வரம்பு வைப்பது தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டிய வசதியாக இருந்தது. சேர்த்தாலும் வரம்பு மீறும்போது நிறம் மாறி எச்சரிக்குமே தவிர, அட்டையைத் திருப்பி அனுப்பாது. டொயோட்டாவில் அட்டை அனுமதிச் சீட்டாக இருந்தது. செயலியில் அது விருப்பத்தைக் குறித்துவைக்கும் தாளாக ஆகிவிட்டது. கன்பானின் தோற்றம் மட்டும் தனி மனிதரிடம் வந்து சேர்ந்து, அதன் கட்டுப்பாடு வழியிலேயே நின்றுவிட்டது என்பதே இந்தத் துறையில் அதிகம் பேசப்படாத, அதிகம் பேசப்பட வேண்டிய உண்மை.

கடிகாரம் எங்கே?

நாட்காட்டியை நம்புவோர் பலகையின் மீது வைக்கும் குற்றச்சாட்டு வேறு. பலகை நிலையைக் காட்டுகிறது, நேரத்தைக் காட்டுவதில்லை. வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கணிப்பதில் மனிதர் தொடர்ந்து தவறுகிறார்கள் என்று கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே எழுதினார்கள். 1994-ல் ரோஜர் பியூலர் குழுவின் ஆய்வில், மாணவர்கள் தம் ஆய்வேடு சராசரியாக 33.9 நாளில் முடியும் என்று கணித்தார்கள், ஆனது 55.5 நாள். மூன்று வரிசைப் பலகையில் இந்தப் பிழை தெரியவே தெரியாது. எல்லா அட்டைக்கும் ஒரே அளவு.

பலகைக்காரர்களின் பதில், கணிப்பே வேண்டாம் என்பது. முன்பு எத்தனை நாளில் எத்தனை வேலை முடிந்தது என்று எண்ணினால் போதும், அந்தக் கணக்கு பொய் சொல்லாது என்பார்கள். ஹைதராபாத் குழுவுக்கு இது பலித்தது. ஆனால் கெடுத் தேதி உள்ள வாழ்க்கைக்கு இது மட்டும் போதாது. வருமான வரிக் கணக்குத் தாக்கலுக்குக் கடைசி நாள் வந்தால் ‘முடிந்தபோது முடியும்’ என்று சொல்ல முடியாது. கணினி அறிவியல் பேராசிரியர் கால் நியூபோர்ட் பலகையையும் நாட்காட்டியையும் இரண்டு அடுக்காக வைக்கச் சொல்வது இந்த இடைவெளியை நிரப்பும் முயற்சி. நடைமுறையில் பலரும் கடைசியில் வந்து சேரும் இடமும் அதுவாகவே இருக்கலாம்.

காகிதமா, திரையா?

பிரான்சின் அத்தி-மோன் விமானக் கட்டுப்பாட்டு மையத்தில் வென்டி மெக்கே 1990-களில் செய்த ஆய்வு இந்த விவாதத்துக்குப் பெரிய வரவு. அங்கே ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு நீண்ட காகிதச் சீட்டு. அது ஒரு சட்டத்தில் செருகி, பலகையில் அடுக்கப்படும். கவனிக்க வேண்டிய விமானம் என்றால் அந்தச் சீட்டை மட்டும் வரிசையிலிருந்து சற்றே வெளியே இழுத்துவிடுவார்கள். பக்கத்து இருக்கைக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் புரிந்துகொள்வார். சீட்டில் பேனாவால் கிறுக்குவது, கையில் பிடித்திருப்பது எல்லாமே நினைவுக்கும் கூட்டு வேலைக்கும் உதவின. சீட்டுகளைக் கணினிக்கு மாற்றும் முயற்சிகள் பல இடங்களில் தடுமாறியதற்கு, கட்டுப்பாட்டாளர்களின் பழமைப்பற்றைக் காரணமாகச் சொல்வது சரியல்ல. காகிதம் செய்துவந்த வேலைகளைத் திரை செய்யவில்லை என்பதே காரணம் என அந்த ஆய்வு விளக்கியது.

சுவருக்கு ஓரம் உண்டு. ஒட்டுத்தாள் ஒட்ட இடமில்லாமல் போகும்போது எதையாவது எடுத்தாக வேண்டும். திரைக்கு அந்த ஓரம் இல்லை. கீழே உருட்டிக்கொண்டே போகலாம். திரையின் பக்கம் சொல்லவும் நிறைய உண்டு: தேடலாம், கூடப் பிறந்தவர்களோடு பகிரலாம், பயணத்தில் பார்க்கலாம், ஆவணத்தை அட்டையோடு இணைக்கலாம். வெளியூரில் இருக்கும் அண்ணனும் தங்கையும் அப்பாவின் மருத்துவச் செலவுகளைச் சேர்ந்து கவனிக்கச் சுவர்ப் பலகை உதவாது.

திரையின் வழியே வரும் அபாயங்களும் உண்மையானவை. 2024 ஜனவரியில் ட்ரெல்லோ பயனர்கள் சுமார் 1.5 கோடிப் பேரின் மின்னஞ்சல் முகவரிகள் கசிந்தது தெரியவந்தது. பெர்லினில் உருவான வுண்டர்லிஸ்ட் செயலியை மைக்ரோசாஃப்ட் 2015-ல் வாங்கி, 2020 மே 6 அன்று மூடியது. லட்சக்கணக்கானோர் தம் பட்டியல்களை வேறிடத்துக்கு மாற்ற வேண்டி வந்தது. சொந்த வேலைகளின் கணக்கைப் பிறர் நிறுவனத்தில் வைப்பதற்கு விலை உண்டு.

வேரைக் கேட்போர்

இவை எல்லாவற்றுக்கும் அடியில் கை வைப்போரும் இருக்கிறார்கள். மெலிசா கிரெக் 2018-ல் வெளியிட்ட ‘கவுண்டர்புரொடக்டிவ்’ நூலில், நேர மேலாண்மை நூல்களும் செயலிகளும் அமைப்பு தர வேண்டிய ஒழுங்கைத் தனி மனிதர் தலையில் சுமத்துகின்றன என்று வாதிடுகிறார். ஆலிவர் பர்க்மன் 2021-ல், எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்ற நம்பிக்கையே நோய் என்றார்; வேகம் கூடினால் வேலையும் கூடும் என்பது அவர் கருத்து.

இந்த விமர்சனத்தில் நியாயம் உண்டு. இரண்டு ஆள் செய்ய வேண்டிய வேலையை ஓர் ஆளிடம் கொடுத்துவிட்டு அவருக்குப் பலகை கற்றுக்கொடுப்பது தீர்வாகாது. வீட்டு வேலை, பிள்ளைகள், முதியோர் பராமரிப்பு மூன்றையும் சுமக்கும் பெண்ணின் பலகை நிரம்பி வழிவது அவருடைய திட்டமிடல் குறையால் அல்ல. ஆனால் இந்தத் தரப்பு ஒன்றைக் குறைத்து மதிப்பிடுகிறது. நிரம்பி வழியும் பலகை, இது என் அளவுக்கு மீறியது என்று மேலாளரிடமோ குடும்பத்தாரிடமோ காட்டும் சான்றாகவும் ஆகலாம். ஹைதராபாத் குழு வரம்பு வைத்தபோது நடந்ததும் அதுதான்; வேலை கொடுப்போர் தமக்குள் பேசி, எது முதலில் என்று முடிவு செய்ய வேண்டிய கட்டாயம் வந்தது.

தெரிந்ததும் தெரியாததும்

பெஞ்சமின் ஹார்கின் குழு 2016-ல் 138 ஆய்வுகளை, கிட்டத்தட்ட 20,000 பேரின் தரவுகளைத் தொகுத்தது. முன்னேற்றத்தைக் கண்காணித்தால் இலக்கை எட்டும் வாய்ப்பு கூடுகிறது. அதைப் பதிந்து வைத்தாலும் பிறர் அறியச் சொன்னாலும் பலன் மேலும் கூடுகிறது என்பது அதன் முடிவு. பலகைக்குச் சாதகமாகக் கிடைக்கும் சான்றுகளில் இதுவே மிக விரிவானது. ஆனால் இதில் கணிசமானவை உடல்நல இலக்குகள்: எடை, உணவு, உடற்பயிற்சி போன்றவை. பத்து விதமான வேலைகளை ஒரே சமயத்தில் சமாளிக்கும் மனிதருக்கு இது எந்த அளவு பொருந்தும் என்பது திறந்த கேள்வி.

மேலே சொன்ன ஆய்வுகளில் எதுவுமே இன்றைய செயலியைத் தனி மனிதர் கையில் கொடுத்து, சாதாரணப் பட்டியலோடு ஒப்பிட்டு, ஓராண்டு கழித்துப் பார்த்தவை அல்ல. ஒவ்வொன்றும் ஒரு துண்டைச் சோதித்தது: படம், திட்டம், வரம்பு, கண்காணிப்பு. துண்டுகளைச் சேர்த்தால் முழுமை அதே பலனைத் தரும் என்பது அனுமானம்தான். பலகையை அழகுபடுத்துவதில் செலவாகும் நேரம் வேலையில் மிச்சமாகும் நேரத்தைவிடக் குறைவா என்பதும், தொடங்கிய உற்சாகம் எத்தனை மாதம் தாங்கும் என்பதும் இன்னும் சரியாக அளக்கப்பட வேண்டியவை.

கிடைத்திருக்கும் சான்றுகளை எடைபோட்டால், காட்சியைவிட வரம்புக்கும் விவரத்துக்குமே தட்டு தாழ்கிறது. ஆகவே புதிதாக ஒரு செயலியைத் தேர்ந்தெடுக்க நினைப்பவர் நிறத்தையும் வடிவத்தையும் பார்க்கும் முன் மூன்றைப் பார்க்கலாம்: வரிசைக்கு வரம்பு வைக்க முடிகிறதா, பிறர் கையில் நிற்கும் வேலைக்குத் தனி இடம் உண்டா, நாளை அந்த நிறுவனம் கடையை மூடினால் தரவை வெளியே எடுக்க வழி இருக்கிறதா. மூன்றும் இல்லாத செயலியைவிட, மூன்று அட்டைக்கு மட்டும் இடம் விட்ட ஒரு சுவர் மேலானது.